24 மணி நேரத் தமிழ்ச் செய்தி சேனல்களில் உலகச் செய்திக்கு எவ்வளவு இடம் என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்?

சென்னையில் ஒரு செய்தி சேனலின் டெஸ்க்கில் சில வருடம் குப்பை கொட்டியவன் நான். உள்ளூருக்கு இத்தனை நிமிடம், உலகத்துக்கு இத்தனை நிமிடம் என்று ஒரு கணக்கை யாரும் எழுதி வைத்து நான் பார்த்ததில்லை. எதிர்ச் சுவரில் போட்டி சேனல்கள் எல்லாம் சத்தமில்லாமல் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். பாதி முடிவை அந்தச் சுவர்தான் எடுக்கும்.

2019 தீபாவளியைச் சொல்கிறேன். அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை. மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்து மூன்றாவது நாள். வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து எல்லா சேனலும் அங்கேதான் நின்றன. பக்கத்தில் இன்னொரு குழி தோண்ட வந்த ரிக் இயந்திரம் பாறையில் முட்டித் திணறிக்கொண்டிருந்தது. மாலை ஏழு மணி வாக்கில் வாஷிங்டனிலிருந்து டிரம்ப் பேசுகிறார்: ஐ.எஸ். அமைப்பின் தலைவர் பாக்தாதி சிரியாவில் செத்துவிட்டார் என்று. வருடக்கணக்காக அமெரிக்கா தேடிய ஆள். நாங்கள் அதைத் திரையின் அடியில் ஓடும் எழுத்து வரியில், அதாவது ஸ்க்ரோலில் ஓடவிட்டோம், அவ்வளவுதான்.

நடுக்காட்டுப்பட்டியை விட்டு நகராதது தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். தமிழ்நாடே பண்டிகையை மறந்து அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் அங்கே புதிதாக எதுவும் நடக்கவில்லை. இயந்திரம் நின்றது, மறுபடி ஓடியது. நிருபர் ஏற்கெனவே சொன்னதையே வேறு வார்த்தையில் சொன்னார். மூன்று நிமிடம் சிரியாவுக்குப் போய்விட்டுத் திரும்பியிருக்கலாம். போகாததற்குக் காரணம் பயம். நாம் போன அந்த மூன்று நிமிடத்தில் குழந்தையை மேலே எடுத்துவிட்டால்? திரையின் ஓரத்தில் சின்னப் பெட்டியாக லைவை வைத்துக்கொண்டு பெரிய பாதியில் சிரியாவைக் காட்டலாமே என்று எனக்கு அப்புறம்தான் தோன்றியது. எல்லாம் முடிந்த பிறகு வரும் புத்திதானே.

இன்னொன்று, காட்டுவதற்குக் கையில் இருக்கும் சரக்கு. வெளிநாட்டில் நமக்கு நிருபர் கிடையாது. செய்தி நிறுவனம் அனுப்பும் ஒன்றரை நிமிட விஷுவலைத்தான் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். ஓபி வேன், அதாவது நேரலை அனுப்பும் வண்டி, போய்ச் சேரும் ஊர் என்றால் மணிக்கணக்கில் பேசலாம். அதனால்தான் 2020 அமெரிக்கத் தேர்தலின்போது வேன்கள் மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரத்துக்குப் போயின. துணை அதிபர் வேட்பாளர் கமலா ஹாரிஸின் தாத்தா ஊர், கோயிலில் சிறப்புப் பூஜை, ஊர்க்காரர்கள் பேட்டி, கோலம். முடிவைத் தீர்மானித்த பென்சில்வேனியா மாநிலத்தில் ஓட்டு எப்படி எண்ணுகிறார்கள் என்பதைச் சொல்ல அந்தளவுக்கு நேரம் கிடைக்கவில்லை. 2024-லும் அதே ஊர், அதே பூஜை.

ஆனால் உள்நாடு, உலகம் என்று கோடு போடுவதே பல சமயம் பொய். 2024 ஜூனில் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம் தீப்பிடித்து நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இறந்தார்கள். அதில் ஏழு பேர் தமிழர்கள். அதை உலகச் செய்தி என்று எந்த டெஸ்க்கும் ஒதுக்கவில்லை. அந்த ஏழு வீடுகளும் இங்கேதானே இருந்தன. அதே வளைகுடாவில் தொழிலாளர் சட்டம் மாறினால் மட்டும் அது பத்து வினாடிச் செய்தி. ஊரில் எத்தனை வீட்டு அடுப்பு அந்தச் சம்பளத்தில் எரிகிறது என்று யாருக்கும் தெரியாமல் இல்லை. எனக்கு ஆறாத விஷயம் இதுதான். சட்டத்துக்கு விஷுவல் கிடையாது, வேனை எங்கே அனுப்புவது?

உலகச் செய்தி வேண்டும் என்றால் ராத்திரி விவாதம் முடிந்த பிறகு டிவியைப் போட்டுப் பாருங்கள். எங்கள் சேனலில் அந்த நேரத்தில்தான் யாரும் சுவரைப் பார்க்க மாட்டார்கள். ஷிஃப்டில் இருக்கும் சின்னப் பையன்கள் இஷ்டத்துக்கு நல்ல செய்தித் தொகுப்பாக, பேக்கேஜாகப் போடுவார்கள்.