அமெரிக்காவில் மயக்க மருந்து நர்ஸ் வேலை: கேள்வி பதில்

மதுரையில் பி.எஸ்சி. நர்சிங் படித்துவிட்டு, இங்கே அமெரிக்காவில் 11 வருடமாக சி.ஆர்.என்.ஏ.வாக, அதாவது மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸாக, வேலை செய்கிறேன். வந்த கேள்விகளை வரிசையாக எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, சென்னையில் 4 வருடம் ஐ.சி.யூ. பார்த்திருக்கிறேன். சி.ஆர்.என்.ஏ. படிப்புக்கு நேராக விண்ணப்பிக்கலாமா?

முடியாது. குறைந்தது ஒரு வருட முழுநேர ஐ.சி.யூ. அனுபவம் வேண்டும், அதுவும் அமெரிக்காவில் பார்த்ததாக இருக்க வேண்டும். முதலில் என்.சி.எல்.இ.எக்ஸ். என்ற நர்ஸ் உரிமத் தேர்வை எழுதி இங்கே ஆர்.என்., அதாவது பதிவு பெற்ற நர்ஸ், ஆகுங்கள். அப்புறம் பெரிய மருத்துவமனையில் இதய அறுவை ஐ.சி.யூ. மாதிரி ஓர் இடம். 2022-லிருந்து சேருகிற எல்லோருக்கும் முனைவர் நிலைப் படிப்புதான், பெரும்பாலும் 36 மாதம். அந்த மூன்று வருடமும் வேலை பார்க்க நேரமே கிடைக்காது. குடும்பச் செலவுக்கு இப்போதே சேமியுங்கள்.

உங்கள் 4 வருடம் வீண் இல்லை. என் நேர்முகத்தில் கேட்ட முதல் கேள்வி: "நோயாளியின் சராசரி ரத்த அழுத்தம் 48. நார்எபிநெஃப்ரின் (ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து) ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்து என்ன செய்வாய்?" மருந்தின் பெயரைச் சொன்னேன். "ஏன் அது? உடலில் எந்த ஏற்பியில் (ரிசெப்டார்) வேலை செய்கிறது?" என்று பிடித்துக்கொண்டார்கள். டாக்டர் எழுதினார், நான் ஏற்றினேன் என்று சொன்னால் அங்கேயே முடிந்தது. ஒவ்வொரு ட்ரிப்பையும் ஏன் என்று கேட்டுக்கொண்டே பாருங்கள்.

சம்பளம்?

2023 அரசுக் கணக்கில் சராசரி வருடத்துக்கு 2 லட்சம் டாலருக்குச் சற்று மேல்.

பி.எஸ்சி. அனஸ்தீசியா டெக்னாலஜி படித்தவர்கள் சேரலாமா?

அது வேறு படிப்பு, இது வேறு. நர்ஸ் பதிவு இல்லாமல் இந்தப் பக்கம் வர முடியாது.

ஒரு மருத்துவமனை சேரும்போதே பெரிய போனஸ் தருகிறது. வாங்கலாமா?

எத்தனை வருடம் இருக்க வேண்டும், முன்பே கிளம்பினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும், வரி பிடிப்பதற்கு முந்தைய தொகையையா என்று பாருங்கள். அதைவிட முக்கியம் டெயில். வேலையை விட்ட பிறகு பழைய கேஸ் ஒன்றில் வழக்கு வந்தால் காப்பாற்றுகிற காப்பீடு அது. அதை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். வாய்ப்பேச்சு போதாது. என் முதல் வேலையை விட்டபோது அந்த செலவு என் தலையில் விழுந்தது.

நான் தமிழ்நாட்டில் மயக்கவியல் மருத்துவர். ஒரு நர்ஸ் தனியாக மயக்கம் கொடுப்பது நோயாளிக்கு ஆபத்து இல்லையா?

டாக்டர், நியாயமான கவலை. ஆனால் இது நேற்று முளைத்த வழக்கம் இல்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் ஆலிஸ் மகா என்ற நர்ஸ், ஈதர் என்ற அந்தக்கால மயக்க மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டபடி நோயாளியிடம் பேசிக்கொண்டே தூங்க வைப்பார். 14,000-க்கும் மேற்பட்ட கேஸ்களில் மயக்க மருந்தால் ஒரு சாவுகூட இல்லை என்று 1906-ல் எழுதினார். கலிஃபோர்னியாவில் டாக்மர் நெல்சன் என்ற நர்ஸ் மீது டாக்டர்கள் வழக்குப் போட்டார்கள். அறுவை மருத்துவரின் மேற்பார்வையில் அவர் செய்வது சட்டத்துக்கு உட்பட்டதே என்று 1936-ல் தீர்ப்பு வந்தது. மெடிகேர் என்ற, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டின் விதிப்படி மருத்துவர் மேற்பார்வை வேண்டும். ஆனால் 2001-லிருந்து மாநிலங்கள் அதிலிருந்து விலகிக்கொள்ளலாம். முதலில் விலகியது அயோவா.

அதே டாக்டர்: அப்படியானால் இரண்டு பேரும் ஒன்றா?

இல்லை. உங்கள் பயிற்சி நீளமானது, அதை மறுக்க மாட்டேன். நான் வேலை செய்யும் இடத்தில் ஒரு மயக்கவியல் டாக்டர் நான்கு அறை வரை பார்ப்பார். மூச்சுக்குழாய் சிக்கலாக இருந்தால் முன்கூட்டியே கூப்பிடுவேன். எங்கள் நர்ஸ் சங்கம் 2021-ல் தன் பெயரில், உங்கள் துறைப் பெயரான 'அனஸ்தீசியாலஜி' என்று சேர்த்துக்கொண்டதில் எனக்கு உடன்பாடு இல்லை. நோயாளியின் கையைப் பிடித்து, "நான் நர்ஸ், நீங்கள் விழிக்கும்வரை பக்கத்திலேயே இருப்பேன்" என்றுதான் சொல்கிறேன். ஆனால் மயக்கவியல் டாக்டரே இல்லாத சின்ன ஊர் மருத்துவமனையில், ராத்திரி 2 மணிக்கு சிசேரியன் என்று ஒருத்தி வந்தால்? அங்கே நாங்கள் இல்லையென்றால் அவளை ஆம்புலன்ஸில் ஏற்றி எத்தனையோ மைல் அனுப்ப வேண்டும்.

அக்கா, நான் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன், எனக்கு வாய்ப்பு...

மேலே சொல்லிவிட்டேன், தம்பி. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

விசா எவ்வளவு நாள் ஆகும்?

குடிவரவு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

வேலை கிடைத்துவிட்டது அக்கா, அடுத்த வாரம் கையெழுத்து. மருத்துவமனை இல்லை, மருத்துவமனைகளுக்கு ஒப்பந்தத்தில் மயக்க மருந்து வேலை செய்து தரும் ஒரு அனஸ்தீசியா குழு.

சந்தோஷம், தங்கச்சி! குழுவுக்கும் மருத்துவமனைக்கும் உள்ள ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று கேளுங்கள். அது போனால் உங்கள் வேலையும் ஆடும். வேலையை விட்ட பிறகு அக்கம்பக்கத்தில் வேலை செய்யக் கூடாது என்ற போட்டித் தடைப் பிரிவு இருந்தால், பக்கத்து மருத்துவமனைக்குக்கூடப் போக முடியாமல் வீட்டையே மாற்ற வேண்டிவரும். டெயில் யார் கட்டுகிறார்கள்? அந்தப் பக்கத்தைக் கண்ணால் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.