முதல் கார் வாங்கப் போகிறேன், பட்ஜெட் 7 லட்சம். லோன் எங்கே போடுவது, எந்த பிராண்டை நம்பலாம்?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டே வரி: கையில் 2 லட்சம் இருக்கிறது, வீடு பெரம்பூர் பக்கம். மீதியை நானே ஊகித்துக்கொள்கிறேன். சின்னக் குழந்தை இருக்கும். மழையில் பைக்கில் மூன்று பேராக நனைந்திருப்பீர்கள். ஏதோ ஒரு கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியில் வைத்து "இன்னும் கார் எடுக்கலையா?" என்று யாரோ கேட்டிருப்பார். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும், என் கதை அப்படித்தான் ஆரம்பித்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வண்டி தெரிந்த ஆள் இல்லை. பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் இருபது வருஷமாக பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் கொடுக்கும் தாள்) போடுகிறேன். "இன்ஜின் டார்க் என்றால் என்னவென்று தெரியுமா?" என்று கமெண்டில் கிளம்பி வர வேண்டாம். தெரியாது. கடன் தெரியும். அதுவும் ஏமாந்த பிறகு தெரிந்துகொண்டது.

2018 ஜூன். வேகன் ஆர், ஆன்ரோடு, அதாவது வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து, 5 லட்சத்து 60 ஆயிரம். அம்மா கட்டிவந்த ஏலச்சீட்டில் ஒரு லட்சம், என் போனஸ் 60 ஆயிரம், மீதி 4 லட்சத்துக்குக் கடன். சம்பளக் கணக்கு இருக்கும் அரசு வங்கியில் கேட்டேன். வட்டி 9.5 சதவீதம், பேப்பர் முடிய மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "ஆடி பொறந்துட்டா அப்புறம் ஆவணிதான்டா. ஆனிக்குள்ள வண்டி வாசலுக்கு வந்துடணும்" என்று நின்றுவிட்டார்.

சரி என்று, இரண்டே நாளில் லோன் என்று விளம்பரம் செய்த ஒரு தனியார் இடத்தில் விண்ணப்பித்தேன். போன் வந்தது. சம்பளம் கேட்டார், சொன்னேன். சிபில், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதற்கான மார்க், 780 என்று அவரே சொன்னார், குரலில் சந்தோஷம். "வீடு எங்க சார்?" "கொருக்குப்பேட்டை." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஏரியா எங்க சிஸ்டம்ல நெகட்டிவ்னு வருது. வெரிஃபிகேஷனுக்கும் பசங்க வர மாட்டேங்கறாங்க, ரயில்வே கேட்ல மாட்டிக்கிறாங்களாம்."

நெகட்டிவ் ஏரியா. இந்த வார்த்தையை முதன்முறையாக அன்றுதான் கேட்டேன். எங்கள் வடசென்னையைப் பாருங்கள்: துறைமுகம் இங்கே, பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலை மணலியில், அனல்மின் நிலையம் அத்திப்பட்டில், குப்பைமேடு கொடுங்கையூரில். ஊருக்கு வேண்டியதெல்லாம் இங்கிருந்து போகலாம், ஊர் வேண்டாமென்று தள்ளுவதெல்லாம் இங்கே வரலாம், ஒரு குமாஸ்தாவுக்கு 4 லட்சம் கடன் மட்டும் வரக்கூடாது. நான் ஒருநாளில் போடும் பில்லில் போகிற சுங்கவரியே அதைவிட அதிகம். அந்த ரயில்வே கேட்டைப் பற்றி ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது. கேட் மூடினால் கால் மணி நேரம் நிற்பது எங்களுக்கு வழக்கம். அது நாங்கள் போட்ட கேட் இல்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். "ரிஸ்க் பார்க்காமல் யாராவது கடன் கொடுப்பார்களா?" என்று கேட்கப்போகும் நண்பர்களே, என்னைப் பாருங்கள், என் ரிஸ்க்கைக் கணக்குப் போடுங்கள். என் தெருவை ஏன் பார்க்கிறீர்கள்?

இந்த ரோஷத்தில்தான் தப்பு செய்தேன். மறுநாள் ஷோரூமுக்குப் போனபோது அங்கே உட்கார்ந்திருந்த ஃபைனான்ஸ் ஆள் ஏரியாவைக் கேட்கவே இல்லை. ஜில்லென்று தண்ணீர் கொடுத்தார். "பேங்க்ல 9.5 சொல்லியிருப்பான். நம்மகிட்ட 7 பர்சென்ட்தான் சார்" என்று கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினார். 4 லட்சத்துக்கு வருஷம் 28,000, ஐந்து வருஷத்துக்கு 1,40,000. அசலோடு சேர்த்து 60-ஆல் வகுத்தால் மாதம் சரியாக 9,000. "ரவுண்டா வருது பாருங்க." கையெழுத்துப் போட்டேன். மரியாதை கொடுத்தாரே!

அது ஃப்ளாட் ரேட். மாதாமாதம் அசல் கரைந்துகொண்டே வந்தாலும், கடைசித் தவணை வரை முழு 4 லட்சத்துக்கும் வட்டி ஓடும். வங்கி சொன்ன 9.5 குறைந்துவரும் பாக்கிக்கு மட்டும் போடுகிற வட்டி. அதில் தவணை 8,400-தான் வந்திருக்கும். மாதம் 600, அறுபது மாதத்துக்கு 36,000 ரூபாய். அவர் சொன்ன 7, வங்கிக் கணக்குப்படி பார்த்தால் ஏறத்தாழ 12.5. சுங்கவரியில் ஒரு ரூபாய் பிசகினாலும் கண்டுபிடிக்கிற எனக்கு இது தெரிய இரண்டு வருஷம் ஆனது. 2020-ல் கொரோனா சமயம் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்தபோது, தள்ளிவைத்தால் என்ன ஆகும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அப்போதுதான் வயிறு எரிந்தது. முன்கூட்டியே அடைக்கலாமென்றால் பாக்கியில் 5 சதவீதம் அபராதம் என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

அதனால் "வட்டி எத்தனை பர்சென்ட்?" என்று கேட்காதீர்கள். "கடைசி ரூபாய் வரைக்கும் மொத்தம் எவ்வளவு கட்டுவேன், நடுவில் அடைத்தால் எவ்வளவு பிடிப்பீர்கள்?" என்று கேளுங்கள். பதிலை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். கையில் இருக்கும் 2 லட்சத்தையும் முன்பணமாகக் கொட்டிவிடாதீர்கள், ஐம்பதாயிரமாவது வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் சாலை வரி ஏறிவிட்டது. 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரையிலான வண்டிக்கு 13 சதவீதம். 2025 செப்டம்பரில் சின்ன வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆனது கொஞ்சம் ஆறுதல். ஆனாலும் உங்கள் 7 லட்சம் வரி, இன்சூரன்ஸ் சேராத எக்ஸ்ஷோரூமா, ஆன்ரோடா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

பிராண்ட். இதில் எனக்குப் பெரிய வெறி கிடையாது. மாருதி, ஹூண்டாய், டொயோட்டா மூன்றில் எதை எடுத்தாலும் திருவொற்றியூர் ஹை ரோட்டில் எந்த மெக்கானிக்கும் பானெட்டைத் திறந்ததும் முழிக்க மாட்டார். ஷெவர்லே 2017-லும், ஃபோர்டு 2021-லும் கடையைக் கட்டுவதாக அறிவித்தன. ஃபோர்டு நம் மறைமலைநகரில் செய்த வண்டி, ஓட்டியவர்கள் இன்றும் புகழ்கிறார்கள். ஆனால் பம்பர் உடைந்தால் பழைய பாகம் விற்கிற புதுப்பேட்டையில் தேடுகிறார்கள். நம்பகம் என்பதில் கம்பெனி நாளைக்கு இருக்குமா என்பதும் சேர்த்தி. டாடா ரசிகர்கள் மோதல் சோதனை ஸ்டார் கணக்கோடு வருவீர்கள், தெரியும். 2018-லேயே நெக்ஸான் 5 ஸ்டார் வாங்கியது, வேகன் ஆர் 2023 சோதனையில் பெரியவர்களுக்கு 1 ஸ்டார்தான் வாங்கியது. ஒப்புக்கொள்கிறேன். நான் போவது கொருக்குப்பேட்டையிலிருந்து பாரிமுனைக்கு, இரண்டாவது கியருக்கு மேல் போட இடமில்லை. நீங்கள் வாராவாரம் ஹைவேயில் போகிற ஆள் என்றால் என் பேச்சைக் கேட்காதீர்கள்.

வடசென்னையில் பிராண்டைவிட முக்கியம் உப்புக்காற்று. காசிமேட்டில் இருக்கும் என் மச்சான் மெக்கானிக். எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் முதலில் குனிந்து அடிப்பாகத்தைத் தட்டிப் பார்ப்பார். சைலன்சரும் கதவின் கீழ் விளிம்பும்தான் முதலில் பொரிந்து உதிரும். அண்டர்பாடி கோட்டிங் மட்டும் போடச் சொல்வார். ஷோரூம்காரர் தலையில் கட்டுகிற மற்ற அலங்காரச் சாமான் எதுவும் வேண்டாம்.

இனி உண்மையான அடி. 2023 ஜூலையில் அறுபதாவது தவணை கட்டினேன். ஆகஸ்டில் என்.ஓ.சி., அதாவது கடன் பாக்கி இல்லை என்கிற தாள், வந்தது. அம்மா மஞ்சள் தடவி பீரோவில் வைத்தார். மூன்று மாதத்துக்குள் ஃபார்ம் 35-ஓடு ஆர்.டி.ஓ.வில் கொடுத்து, ஆர்.சி. என்கிற வண்டிப் பதிவுச் சான்றில் இருக்கும் ஃபைனான்ஸ் பெயரை எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சரி, தாளிலேயே போட்டிருந்தது, நான்தான் படிக்கவில்லை. டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். காலையில் கதவைத் திறந்தபோது தெருத் தண்ணீரில் வேகன் ஆரின் வைப்பரும் கூரையும் மட்டும் தெரிந்தன. மச்சானுக்குப் போன் போட்டேன். "சாவிய கைல எடுக்காத மாமா. தண்ணி வடிஞ்சதும் பேட்டரி ஒயர மட்டும் கழட்டு. ஸ்டார்ட் பண்ணின, இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிடுவான்." தண்ணீர் புகுந்த இன்ஜினை முடுக்கி உடைத்தால் சாதாரண பாலிசியில் கிளெய்ம் கிடைக்காது, அதற்குத் தனியாக இன்ஜின் புரொடெக்ட் போட வேண்டும். நான் போடவில்லை. சாவியைத் தொடாததால் பிழைத்தேன்.

சர்வேயர் வந்தார். காப்பீட்டு மதிப்பு 2,40,000, ரிப்பேர் எஸ்டிமேட் 2,10,000. முக்கால் பங்கைத் தாண்டியதால் டோட்டல் லாஸ், அதாவது ரிப்பேர் செய்யாமல் பணமாகக் கொடுத்துவிடுவார்கள். பணம் யாருக்கு? ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அந்த ஃபைனான்ஸுக்கு! கடனை அடைத்து ஐந்து மாதம் ஆகிவிட்டது, என்.ஓ.சி. காலாவதி. புதிது வாங்கப் போனால் அந்தக் கிளை வேறு இடத்துக்கு மாறியிருந்தது. மூன்று முறை அலைந்தேன். பணம் கைக்கு வந்தது பொங்கலுக்கு முந்தின நாள். என்.ஓ.சி. வந்த அன்றே ஆர்.டி.ஓ.வுக்குப் போங்கள், பாலிசியிலும் அந்தப் பெயரை எடுக்கச் சொல்லுங்கள்.

இப்போது ஓட்டுவது ஐ10 நியோஸ். இந்த முறை ஆடி, ஆவணி எதுவும் பார்க்கவில்லை, அரசு வங்கியிலேயே மூன்று வாரம் காத்திருந்தேன். வெரிஃபிகேஷனுக்கு வந்த பையன் போன் செய்தான். "சார், கேட் போட்டிருக்கான், இருபது நிமிஷமா நிக்கறேன்." நானே நடந்துபோய் ரயில் போகிற வரை அவனோடு நின்று, ஒரு டீ வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அழைத்து வந்தேன்.