மீட்கப்பட்ட சிறுமி அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறாள். நாங்கள் எப்படிப் பழக வேண்டும்?

ஆள்கடத்தலிலிருந்து மீட்கப்பட்ட 15 வயதுச் சிறுமியை, தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள உங்கள் அக்கா நீதிமன்ற உத்தரவுடன் வளர்ப்புப் பிள்ளையாக ஏற்றிருக்கிறார். உறவினர்கள் அவளிடம் என்ன பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். டர்பனில் இத்தகைய பிள்ளைகள் தங்கும் இல்லம் ஒன்றில் வார இறுதிகளில் உதவுகிறேன். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

நடந்ததைக் கேட்காதீர்கள். காவல்துறை, மருத்துவர், சமூகப் பணியாளர் என்று ஏற்கெனவே பலரிடம் சொல்லிச் சலித்திருப்பாள். வழக்கு நடக்கும்போது வீட்டார் துருவித் துருவிக் கேட்டால், சொல்லிக்கொடுத்த சாட்சி என்று எதிர்த்தரப்பு வாதாட வழி பிறக்கும். அவளாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள், அவ்வளவுதான்.

"சம்மதித்துத்தானே போனாள்?" என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். 2015 ஆகஸ்ட் 9 முதல் நடைமுறையில் இருக்கும் ஆள்கடத்தல் தடுப்புச் சட்டத்தின்படி, பிள்ளையின் சம்மதத்தைக் காட்டிக் குற்றவாளி தப்ப முடியாது. ஆனால் அவளே அவனுக்குப் பரிந்து பேசலாம். ஆசை வார்த்தை சொல்லி அழைத்துப்போகிறவன் பெரும்பாலும் தெரிந்தவனாகவே இருப்பான். அவள் முன்னால் அவனைத் திட்டித் தீர்த்தால், வாயைத் திறக்கவே மாட்டாள்.

இல்லத்தில் ஒரு பெண் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தான் தின்ற ரொட்டி, எடுத்த சோப்பு எல்லாவற்றுக்கும் விலை எழுதிக்கொண்டிருந்தாள். பிடித்துவைத்திருந்தவர்கள் சோற்றுக்கும் படுக்கைக்கும் கடன் எழுதியே அவளைக் கட்டிப்போட்டிருந்தார்கள். இல்லத்து அம்மா நோட்டைப் பிடுங்கவில்லை, உபதேசமும் செய்யவில்லை. கடைக்குப் போகும்போது அவளைக் கூட்டிப்போனார். பட்டியலைப் போடுவதும் காசை எண்ணிக் கொடுப்பதும் அவள் வேலையாயிற்று. மெல்ல மெல்ல அந்தக் கணக்கு நின்றது. உங்கள் வீட்டிலும் இப்படித்தான்: தோசையா ரொட்டியா, விளக்கு எரியட்டுமா அணைக்கட்டுமா, எல்லாம் அவள் முடிவாக இருக்கட்டும். "நாங்கள் உனக்கு எவ்வளவு செய்கிறோம்" என்ற பேச்சு மட்டும் அந்த வீட்டில் எழவே கூடாது.

கோயிலில் ஆன்ட்டிமார் கேட்பார்கள். கேட்காமல் இருந்தால்தான் அதிசயம். "எங்கள் வீட்டுப் பிள்ளை" என்பதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். காவடித் திருநாள் படத்தில் அவள் முகம் வாட்ஸ்அப்பில் சுற்றக் கூடாது. குற்றத்துக்கு ஆளான பிள்ளையின் அடையாளத்தை ஊடகம் வெளியிடக் கூடாது, 18 வயது கடந்த பிறகும் அந்தப் பாதுகாப்பு தொடரும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தது. பத்திரிகைக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால் சித்தப்பாவின் ஸ்டேட்டஸ் எம்மாத்திரம்?

பிறப்புச் சான்றிதழ் இல்லையென்று பள்ளி தயங்கினால், மகாண்டா நகர உயர் நீதிமன்றம் அதே 2019 டிசம்பரில் வழங்கிய தீர்ப்பைச் சொல்லுங்கள். ஆவணம் இல்லாத பிள்ளையையும் சேர்த்தாக வேண்டும். அவளைக் கடத்திய ஆள் போனில் தொடர்புகொண்டால் செய்தியை அழிக்காமல் வழக்கை விசாரிக்கும் அதிகாரியிடம் காட்டுங்கள். 0800 222 777 என்ற ஆள்கடத்தல் உதவி எண்ணையும் வீட்டில் எழுதி வையுங்கள்.

இன்னொன்று, உங்கள் அக்கா. இரவில் அலறி எழும் பிள்ளையோடு அவரும்தான் விழித்திருப்பார். சனிக்கிழமை ஒரு சட்டி பிரியாணி கொண்டுபோய்க் கொடுங்கள், துணிகளை மடித்து வையுங்கள், ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுங்கள். வருவதற்கு முன் போன் செய்துவிட்டு வாருங்கள். திடீரென்று கதவு தட்டும் சத்தம் அந்தப் பிள்ளைக்கு ஆகாது.