நரம்பு பிளாக் ஊசி: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 61, ஓய்வுபெற்ற ஆசிரியை. இடுப்பில் தொடங்கும் வலி வலது காலின் பெருவிரல் வரை சுரீரென்று இறங்குகிறது. எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு, முதுகெலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, நரம்பு பிளாக் ஊசி போடலாம் என்கிறார்கள். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். நான் எப்படித் தயாராக வேண்டும், டாக்டர்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கால் விழுந்துவிடும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. வலி தரும் நரம்பை ஒட்டிப் போடும் இந்த ஊசியில் மரத்துப்போகச் செய்யும் மருந்தும் கலந்திருப்பதால், போட்ட சில மணி நேரத்துக்குக் கால் கனத்து, சொன்னபடி கேட்காமல் இருக்கலாம். மருந்தின் வேகம் தணிந்ததும் அது சரியாகிவிடும். நிரந்தரமான நரம்புப் பாதிப்பு மிக அரிது. அந்த அரிய ஆபத்தையும் தவிர்ப்பதற்காகத்தான் சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே கருவியில் ஊசிமுனை நிற்கும் இடத்தைப் பார்த்து, சிறிது சாய மருந்தைச் செலுத்தி, அது ரத்தக்குழாய்க்குள் போகாமல் நரம்பை ஒட்டிப் பரவுகிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகே மருந்தை ஏற்றுகிறோம்.

பக்கத்து வீட்டாரின் பயத்தைவிட உங்கள் ஸ்டென்ட்தான் எனக்குக் கவலை தருகிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரைகளை நீங்கள் உட்கொண்டு வரக்கூடும். முதுகெலும்பை ஒட்டி ஊசி செல்லும்போது ரத்தம் கசிந்து தேங்கினால் நரம்பை அழுத்திவிடும் என்பதால், குளோபிடோக்ரெலை வழக்கமாக ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்துவார்கள். ஆனால், நிறுத்தினால் ஸ்டென்டில் ரத்தம் உறையும் அபாயம் இருக்கிறது. ஆகவே எதை நிறுத்துவது, எத்தனை நாள் நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை உங்கள் இதய மருத்துவரும் வலி மருத்துவரும் பேசி முடிவு செய்ய வேண்டும். அதை எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துக் கடைக்காரர் சொன்னார், ஊசி போட்டுக்கொண்ட உறவினர் சொன்னார் என்று ஒரு வேளை மாத்திரையைக்கூட நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அடுத்தது சர்க்கரை. வீக்கத்தைக் குறைக்க ஊசியில் சேர்க்கும் ஸ்டீராய்டு மருந்து, ரத்தச் சர்க்கரையைச் சில நாட்களுக்கு, சிலருக்கு ஒரு வாரத்துக்கும் மேலாக, உயர்த்தும். முன்பே சர்க்கரை மிக அதிகமாக இருந்தால் ஊசியைத் தள்ளிப்போடுவதே நல்லது. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் ஊசி போட்ட நாளிலிருந்தே தினமும் பார்த்துக் குறித்து வையுங்கள். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, ஊசி போடும் இடத்தில் கொப்புளம், முன்பு ஸ்கேன் சாயம் ஒத்துக்கொள்ளாமல் போன அனுபவம் ஆகியவற்றில் எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மயக்கம் கொடுப்பதாக இருந்தால் ஆறு மணி நேரம் திட உணவு கூடாது என்பார்கள்; சர்க்கரை நோயாளி என்பதால் காலையில் முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். சாப்பிடாமல் இருக்கும் அன்று சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ எப்படி எடுப்பது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

குப்புறப் படுக்க வைத்து, வயிற்றுக்கடியில் தலையணை வைப்பார்கள். மருந்து ஏறும்போது உங்களுக்குப் பழகிய அதே வலி கால் வழியாக ஒரு கணம் ஓடலாம். அப்போது உடம்பை அசைக்காமல் வாயால் சொல்லுங்கள். சரியான நரம்பைத்தான் தொட்டிருக்கிறோம் என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம்.

வீடு திரும்பியதும் கவனிக்க வேண்டியது குளியலறை. மரத்த காலில் செருப்பு கழன்றாலும் தெரியாது. ஈரத்தரையில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டு மறுநாளே திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உணர்வு முழுதாகத் திரும்பும் வரை ஒருவர் கைபிடித்து அழைத்துச் செல்லட்டும். மரத்த இடத்தில் வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். ஊசி போட்ட இடம் வலித்தால் துணியில் சுற்றிய ஐஸ் போதும். ஒரு நாள் வண்டி ஓட்டாதீர்கள். தண்ணீர்க் குடம் தூக்குவதும் தரையில் குந்தி வேலை செய்வதும் சில நாட்கள் வேண்டாம். வீட்டுக்குள் மெதுவாக நடப்பது நல்லது.

கேள்வி: எனக்கு வயது 38. ஊசி போட்ட அன்று மாலை வரை வலியே இல்லை. மறுநாள் முழு வலியும் திரும்பிவிட்டது. முகம் சிவந்து, இரவில் தூக்கமும் இல்லை. ஊசி வீண்தானா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இல்லை. ஒரே ஊசியில் இரண்டு மருந்துகள் போகின்றன. மரத்துப்போகச் செய்யும் மருந்து சில நிமிடங்களில் வேலையைத் தொடங்கிச் சில மணி நேரத்தில் விலகிவிடும். நரம்பைச் சுற்றிய வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு வேலையைக் காட்ட இரண்டு மூன்று நாட்களாகும், சிலருக்கு இரண்டு வாரம்கூட ஆகும். இந்த இடைவெளியில் வலி திரும்புவது இயல்பு. முகச் சிவப்பும் தூக்கமின்மையும் ஸ்டீராய்டால் வருபவை. சில நாட்களில் அடங்கும்.

அன்று மாலை வரை வலி இல்லை என்றீர்களே, அது மருத்துவருக்கு மிக முக்கியமான தகவல். ஸ்கேனில் டிஸ்க் பிதுக்கம் தெரிந்தாலும் வலிக்குக் காரணம் அதுதான் என்று எப்போதும் சொல்ல முடியாது. குறிப்பிட்ட நரம்பை மரக்கச் செய்ததும் வலி நின்றது என்றால், சந்தேகம் பெருமளவு நீங்குகிறது. என் நோயாளி ஒருவர், கிழித்த நாள்காட்டித் தாளின் பின்புறத்தில், ‘12 மணி 8, 1 மணி 2, ராத்திரி 7’ என்று பத்துக்கு இவ்வளவு என வலியைக் குறித்துக் கொண்டுவந்தார். ‘கொஞ்சம் பரவாயில்லை’ என்ற பதிலைவிட அந்தத் தாள் எனக்கு அதிகம் உதவியது.

ஆனால் காய்ச்சல், கடும் முதுகுவலி, உட்கார்ந்தால் கூடிப் படுத்தால் குறையும் தலைவலி, நேரம் ஆக ஆகக் கூடும் கால் பலவீனம், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போவது, சிறுநீர் இறங்காமல் நிற்பது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கால் பலவீனமும் சிறுநீர், மலப் பிரச்சினையும் இரவானாலும் காத்திருக்கக் கூடாதவை.

கேள்வி: இந்த ஊசியை எத்தனை முறை போடலாம்?
– வாசகர், ஈரோடு

பதில்: ஸ்டீராய்டு கலந்த ஊசியை ஆண்டுக்கு மூன்று, நான்குக்கு மேல் பொதுவாகப் போடுவதில்லை. முதல் ஊசியில் சிறிதும் பலன் இல்லையென்றால் அதையே திரும்பப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. இந்த ஊசி டிஸ்க்கை உள்ளே தள்ளாது. பிதுங்கிய பகுதி பலருக்குச் சில மாதங்களில் தானாகவே சுருங்கும், அதுவரை வலியைத் தாங்கும்படி செய்கிறது, அவ்வளவுதான். வலி தணிந்திருக்கும் அந்த வாரங்களில் பிசியோதெரபிஸ்டிடம் இடுப்புப் பயிற்சிகளைக் கற்றுக்கொள்ளுங்கள். பாதம் தொங்கி, நடக்கும்போது செருப்பு நுனி தரையில் உரசத் தொடங்கியிருந்தால், அடுத்த ஊசிக்காகக் காத்திருக்காமல் முதுகெலும்பு அறுவை மருத்துவரை உடனே பாருங்கள்.