ஓட்டமும் பிடிக்கவில்லை, வேகவைத்த காயும் இறங்கவில்லை: எடையை எப்படிக் குறைப்பது?

கேள்வி: வயது 42. நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. 12 கிலோ குறைக்க வேண்டும். மூன்று முறை ஆரம்பித்து, மூன்று முறையும் மூன்றாவது வாரத்தில் விட்டுவிட்டேன். காலை ஓட்டம் தண்டனை மாதிரி இருக்கிறது. வேகவைத்த காயைப் பார்த்தாலே வெறுப்பு. இதையெல்லாம் விரும்பிச் செய்ய வழி உண்டா, இல்லை பல்லைக் கடித்துக்கொண்டுதான் செய்ய வேண்டுமா?

பதில்: பல்லைக் கடித்துக்கொண்டு செய்வது நீண்ட நாள் நிலைக்காது. உங்களுக்கு மன உறுதி போதவில்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். மூன்று முறை விட்ட பிறகும் நாலாவது முறைக்கு வழி கேட்கிறீர்களே, அந்த உறுதி போதும். கோளாறு ஓடிய வேகத்திலும் சமைத்த விதத்திலும் இருக்கிறது.

முதலில் ஓட்டம். பயிற்சி இல்லாத உடம்பு ஓட ஆரம்பித்ததும் இரண்டே நிமிடத்தில் மூச்சு இரைக்கும். உடற்பயிற்சியில் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் மூச்சு வேகமெடுக்கும், தசைகள் கனக்கும், ஏறக்குறைய எல்லோருக்குமே அது இனிமையாக இருக்காது. அந்த எல்லைக்குக் கீழே அதே உடம்பு சுகமாக நடக்கும். எல்லையைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். நடக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. உங்களுக்கு இப்போது அந்த வேகம் வேகநடைதான். முதல் இரண்டு வாரம் தினம் 15 நிமிடம், வாரத்துக்கு 5 நாள். பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி 30 நிமிடத்துக்கு வாருங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குக் குறைந்தபட்சமாகச் சொல்லும் வாரத்துக்கு 150 நிமிடம் அத்துடன் கிடைத்துவிடும்.

அந்த 15 நிமிடத்துக்குள் எதை முன்னே, எதைப் பின்னே செய்கிறோம் என்பதும் முக்கியம். பெரும்பாலானோர் மெதுவாகத் தொடங்கி, கடைசியில் முழு மூச்சோடு முடிப்பார்கள். இதைத் திருப்பிப் போடுங்கள். 3 நிமிடம் உடம்பைச் சூடாக்கி, அடுத்த 5 நிமிடம் பேச முடிகிற எல்லைக்குள் உங்களால் முடிந்த வேகத்தில் நடந்து, மீதியில் படிப்படியாகக் குறைத்து, சாவகாசமாக வீடு வந்து சேருங்கள். ஜென்கோ, எக்கெகாகிஸ், ஏரியலி ஆகியோர் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், கடினமாகத் தொடங்கி லேசாக முடித்தவர்கள் அந்தப் பயிற்சியை இனிமையானதாக நினைவு வைத்திருந்தார்கள். அடுத்த முறையும் இனிமையாக இருக்கும் என்றே எதிர்பார்த்தார்கள். நாளைக்கு ஷூ மாட்டுவதா வேண்டாமா என்பதை இன்றைய கடைசி ஐந்து நிமிடம்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

காதுக்கும் ஏதாவது கொடுங்கள், ஒரு நிபந்தனையோடு. பிடித்த தொடர்கதையை நடக்கும்போது மட்டும் கேளுங்கள், வீட்டில் கேட்கக் கூடாது. கேட்டி மில்க்மேன் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வில், ஒலிநாவலை ஜிம்மில் மட்டுமே கேட்க முடிந்தவர்கள் தொடக்கத்தில் மற்றவர்களைவிட 51 சதவீதம் அதிகமாக அங்கே வந்தார்கள். இடையில் விடுமுறை வந்ததும் அந்த ஈர்ப்பு தணிந்துவிட்டது. எனவே பயணமோ காய்ச்சலோ வந்து இடைவெளி விழுந்தால், திரும்பும் நாளுக்குப் புதுக் கதை ஒன்றைத் தயாராக வையுங்கள்.

வாரத்துக்கு இரண்டு நாள் தசைப் பயிற்சியும் வேண்டும்: நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரைத் தள்ளுவது, ஒவ்வொன்றும் 10 முறை, இரண்டு சுற்று. இன்னும் இரண்டு முறை செய்யலாம் போல இருக்கும்போதே நிறுத்துங்கள்.

இனி காய்கறி. நீங்கள் வெறுப்பது காயை அல்ல, நீரில் குழைந்த காயை என்பது என் கணிப்பு. முட்டைக்கோஸ், காலிஃபிளவர் போன்றவற்றை நீண்ட நேரம் வேகவைத்தால் கந்தகச் சேர்மங்கள் வெளிவந்து வாடை அடிக்கும், சுவையும் தண்ணீரோடு போகும். அரைக் கிலோ காலிஃபிளவரை, ஒரு பக்கம் தட்டையாக இருக்கும்படி 3 செ.மீ. துண்டுகளாக நறுக்கிக் கழுவுங்கள். துணியால் ஈரம் போகத் துடையுங்கள். இதை விட்டால் மற்றதெல்லாம் வீண். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய், அரை டீஸ்பூன் உப்பு சேர்த்துப் பிசறி, முன்பே சூடேற்றிய ஓவனில் 220 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம் வையுங்கள். தட்டில் ஒரே அடுக்காக, துண்டுகளுக்கிடையே இடம் இருக்கட்டும். நெருக்கிப் போட்டால் ஆவி வெளியேறாமல் மறுபடி வேகவைத்த காயாகிவிடும். ஓவன் இல்லையென்றால் அகலமான வாணலியில் தட்டைப் பக்கம் அடியில் படும்படி பரப்பி, 3 நிமிடம் கிளறாமல் விடுங்கள். அடி பொன்னிறமாகி மணம் வரும்போது திருப்பலாம். இறக்கியபின் எலுமிச்சை பிழியுங்கள்.

எண்ணெயை ஸ்பூனில் அளந்து ஊற்றுங்கள். ஒரு டேபிள்ஸ்பூனில் ஏறக்குறைய 120 கலோரி. அரைக் கிலோ காலிஃபிளவர் மொத்தமும் சேர்ந்து 125 கலோரிதான். பாட்டிலிலிருந்து சரித்தால் மூன்று ஸ்பூன் விழுந்தது கண்ணுக்கே தெரியாது.

பிடித்த இனிப்பை அடியோடு நிறுத்த வேண்டாம். 1944-45-ல் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 பேரைக் கொண்டு நடத்திய அரைப்பட்டினிச் சோதனையில், அவர்களுக்கு நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பாகவே போனது. சிலர் சமையல் புத்தகங்களைச் சேகரிக்கவே தொடங்கிவிட்டார்கள். கடும் கட்டுப்பாடு சாப்பாட்டு ஆசையை இப்படித்தான் வளர்க்கும். வாரத்தில் இரண்டு நாளைக் குறித்துக்கொண்டு, உணவு முடிந்தபின், தட்டில் வைத்து, உட்கார்ந்து சாப்பிடுங்கள். பசியோடு இனிப்பைத் தொடாதீர்கள், அளவு கைமீறும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ, ரத்த அழுத்தத்துக்கு மருந்தோ எடுப்பவராக இருந்தால் சாப்பாட்டைக் குறைக்கும் முன்பே மருத்துவரைப் பாருங்கள். எடை குறையும்போது மருந்தின் அளவையும் மாற்ற வேண்டிவரலாம். நடக்கும்போது நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவ உதவி தேடுங்கள்.

கடைசியாக அந்த மூன்றாவது வாரம். சாப்பாட்டைக் குறைத்த முதல் வாரத்தில் உடம்பில் சேமித்திருந்த கிளைக்கோஜன், அதாவது சர்க்கரைச் சேமிப்பு, கரையும். ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால், எடை மளமளவென்று இறங்கும். அது முடிந்தபின் கொழுப்பு மட்டும் நிதானமாகக் குறையும். வாரம் அரைக் கிலோ இறங்கினாலே நல்ல வேகம். எடை மெஷின் ஒரே எண்ணில் நின்றுவிட்டது போலத் தோன்றும் அந்த வாரத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள். பழக்கமும் அதற்குள் படிந்திருக்காது: லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழு 96 பேரைக் கவனித்தபோது, ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை மாறியது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை.

ஆகவே தினசரி எடையைப் பொருட்படுத்தாமல் வாரச் சராசரியைப் பாருங்கள். முதல் நாள் குறிப்பிட்ட ஒரு மரம் வரை நடக்க எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதி வையுங்கள். மூன்றாவது வாரத்தில் அதே தூரத்தை, அதேபோல் பேச முடிகிற மூச்சோடு மறுபடி நடந்து பாருங்கள். எடை அசையாத நாட்களிலும் இந்த எண் பெரும்பாலும் இறங்கியிருக்கும்.