வாசகர் கேள்வி – பதில்: குடலின் இரத்த ஓட்டக் குறைவும் மெடிக்கல் கோடிங்கும்

கேள்வி: அமெரிக்க மருத்துவமனைகளின் கோப்புகளுக்குக் கோடிங் (நோய்களுக்கு உரிய குறியீடு கொடுக்கும் வேலை) செய்து தரும் ஓசூர் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வயிற்றுவலியும் இரத்தம் கலந்த மலமுமாகச் சேர்க்கப்பட்ட 68 வயதுப் பெண்மணியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் (வீடு திரும்பும்போது மருத்துவர் எழுதும் சுருக்கக் குறிப்பில்) ‘இஸ்கெமிக் கொலைட்டிஸ்’ (இரத்த ஓட்டக் குறைவால், அதாவது இஸ்கெமியாவால், பெருங்குடலில் வரும் அழற்சி) என்று மட்டுமே இருந்ததால் கே55.9 (K55.9) என்ற குறியீட்டைக் கொடுத்தேன். இரண்டு நாளில் வந்த வலி என்பதால் கே55.039தான் சரி என்று, கோடிங்கைச் சரிபார்க்கும் ஆடிட்டர் திருத்தி, என் மதிப்பெண்ணையும் குறைத்துவிட்டார். யார் சொல்வது சரி?
– வாசகி, ஓசூர்

பதில்: கோப்பில் உள்ள சொற்களை மட்டும் வைத்துப் பார்த்தால் நீங்கள் கொடுத்ததுதான் சரி. அமெரிக்காவில் பயன்படும் நோய்க் குறியீட்டுத் தொகுப்பான ஐசிடி-10-சிஎம்மின் அகரவரிசைப் பட்டியலில் இஸ்கெமிக் கொலைட்டிஸ் என்ற பெயருக்கு வேறு அடைமொழி இல்லையென்றால் கே55.9, ‘அக்யூட்’ (திடீரென வந்தது) என்று மருத்துவர் எழுதியிருந்தால் கே55.039, ‘க்ரானிக்’ (நாள்பட்டது) என்றிருந்தால் கே55.1 என்று தனித்தனியே காட்டப்பட்டிருக்கிறது. வலி இரண்டு நாளில் வந்தது என்பதை வைத்து அது அக்யூட் என்று முடிவு செய்வது நோயறியும் வேலை. அந்த வேலை மருத்துவருடையதே தவிர, கோடருடையதும் அல்ல, ஆடிட்டருடையதும் அல்ல.

ஆனாலும் கே55.9 கொடுத்துக் கோப்பை மூடியதோடு உங்கள் கடமை முடிந்துவிட்டதாக நான் கருதவில்லை. 2016 அக்டோபர் 1 வரை கே55.0 என்ற ஒரே குறியீட்டுக்குள் அடங்கியிருந்த திடீர்ப் பாதிப்புகள் அன்று முதல் ஆறு இலக்கக் குறியீடுகளாகப் பிரிக்கப்பட்டன. பாதிப்பு சிறுகுடலிலா பெருங்குடலிலா என்பதையும், இரத்த ஓட்டம் திரும்பினால் தேறக்கூடிய நிலையா, திசு இறந்துபோன இன்ஃபார்க்‌ஷனா என்பதையும் ஐந்தாவது இலக்கம் சேர்த்துச் சொல்கிறது. ஒரு பகுதியில் மட்டும் இருந்தால் 1, பரவலாக இருந்தால் 2, பரப்பு குறிப்பிடப்படவில்லை என்றால் 9 என்று ஆறாவது இலக்கம் அமைகிறது. எனவே பெருங்குடலின் ஒரு பகுதியில் மட்டும் வந்த, தேறக்கூடிய பாதிப்பு கே55.031, அதே பகுதியில் திசு இறந்திருந்தால் கே55.041. இந்தக் குறிப்புகள் கொலனோஸ்கோபி அறிக்கையில் இருந்து, டிஸ்சார்ஜ் சம்மரியில் விடுபட்டிருந்தால், மருத்துவருக்கு க்வெரி (விளக்கம் கேட்கும் குறிப்பு) அனுப்பியிருக்க வேண்டும்.

அந்த க்வெரியை எழுதும் விதத்தில் மிகுந்த கவனம் தேவை. ‘இது அக்யூட் இஸ்கெமியா என்று உறுதிப்படுத்தவும்’ என்று கேட்பது, விடையை நாமே மருத்துவரின் வாயில் ஊட்டுவதாகும். வலி தொடங்கிய நாள், கொலனோஸ்கோபியில் கண்டது, பயாப்ஸி (திசுப் பரிசோதனை) முடிவு ஆகியவற்றைக் கோப்பில் உள்ளபடியே எடுத்துக் காட்டி, அக்யூட், க்ரானிக், இன்ஃபார்க்‌ஷன், வேறு ஏதேனும், தீர்மானிக்க இயலவில்லை ஆகிய அனைத்தையும் தெரிவுகளாக வைக்க வேண்டும். எந்தக் குறியீட்டுக்கு எவ்வளவு பணம் கிடைக்கும் என்ற பேச்சே அதில் இடம்பெறக் கூடாது. குறைக்கப்பட்ட மதிப்பெண்ணுக்கு நீங்கள் தயங்காமல் மேல்முறையீடு செய்யலாம். பட்டியலின் அந்த வரியே உங்களுக்குப் போதுமான சான்று.

கேள்வி: தருமபுரியில் தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பிரிவில் பணியாற்றுகிறேன். எங்களிடம் வருவோர் உள்ளூர் நோயாளிகள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பதிப்பில் இவையெல்லாம் கே55.0 என்ற ஒன்றிலேயே அடங்கிவிடுகின்றன. பிறகு ஏன் இவ்வளவு விரிவாக எழுத வேண்டும்?
– இளம் மருத்துவர், தருமபுரி

பதில்: குறியீடு ஒன்றேதான் என்பது உண்மை, ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரி குறியீட்டுக்காக மட்டும் எழுதப்படுவதில்லை. ‘மெசன்டெரிக் இஸ்கெமியா (குடலுக்கு இரத்த ஓட்டம் குறைதல்), ஆபரேஷன் செய்யப்பட்டது’ என்ற ஒற்றை வரியோடு வீடு திரும்பும் நோயாளி, ஆறு மாதம் கழித்து வயிற்றுப்போக்கும் எடை இழப்புமாகச் சேலத்திலோ பெங்களூருவிலோ சேர்ந்தால், எவ்வளவு சிறுகுடல் எஞ்சியிருக்கிறது என்று அங்குள்ள மருத்துவருக்கு எப்படித் தெரியும்? வெட்டியெடுத்த நீளத்தையும், மீதமுள்ள நீளத்தையும், குடல் கருத்திருந்ததா அல்லது சூடான உப்புநீர்த் துணி போர்த்தியபின் நிறம் திரும்பியதா என்பதையும் ஆபரேஷன் குறிப்பில் எழுதுங்கள். தேறக்கூடியதையும் இறந்துபோனதையும் பிரித்துக் காட்டுவது அந்த ஒரு வாக்கியம்தான்.

காரணத்தையும் விடாமல் எழுதுங்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஒழுங்கற்ற இதயத் துடிப்பு) உள்ள இதயத்திலிருந்து வந்த இரத்தக்கட்டி தமனியை அடைத்ததா, ஏற்கெனவே கொழுப்புப் படிந்து குறுகிய தமனியிலேயே இரத்தம் உறைந்ததா, சிரையில் உறைந்ததா, அல்லது அடைப்பே இல்லாமல் அதிர்ச்சி நிலையில் இரத்த அழுத்தம் வீழ்ந்ததால் வந்ததா என்பதைப் பொறுத்தே அடுத்த சிகிச்சை அமையும். காப்பீட்டு நிறுவனங்கள் கேட்கும் விளக்கங்களில் பலவற்றுக்கும் இந்த வரிகளே விடையாகிவிடும் என்பது கூடுதல் லாபம்.

கேள்வி: ‘குடல் இஸ்கெமியாவாக இருக்கலாம்’ என்று மருத்துவர் எழுதினால் கோட் கொடுக்கலாமா? பயிற்சி வகுப்பில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– மாணவர், பாலக்கோடு

பதில்: இருவேறு விதிகளைக் கலந்து பேசுவதால் வரும் குழப்பம் இது. அமெரிக்க வழிகாட்டு விதிகளின்படி, மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தவருக்கு டிஸ்சார்ஜ் நேரத்திலும் ‘இருக்கலாம்’, ‘சந்தேகிக்கப்படுகிறது’ என்றே நோய் எழுதப்பட்டிருந்தால், அது இருப்பதாகவே கொண்டு கோட் கொடுக்கலாம். புறநோயாளிக்கு அப்படிக் கொடுக்கக் கூடாது; வயிற்றுவலி போன்ற அறிகுறிக்கு மட்டுமே கோட் கொடுக்க வேண்டும். சேர்க்கையின்போது சந்தேகித்து, சி.டி. ஆஞ்சியோகிராம் (இரத்தக் குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) எடுத்தபின் ‘இல்லை’ என்று மருத்துவர் நீக்கிவிட்ட நோய்க்கு எந்த இடத்திலும் கோட் கிடையாது. உள்நோயாளியின் கோப்பில் ரேடியாலஜி அறிக்கை மட்டும் இஸ்கெமியா என்று சொல்லி, சிகிச்சை அளித்த மருத்துவர் எங்கும் அதை எழுதவில்லை என்றால், அங்கேயும் க்வெரிதான் வழி.

கேள்வி: குடலிறக்கத்தில் சிக்கி அழுகிய குடலுக்கும், பிறந்த குழந்தையின் குடல் அழற்சிக்கும் கே55 பொருந்துமா?
– வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: பொருந்தாது. முதலாவதற்குக் கே40 முதல் கே46 வரையிலான ஹெர்னியா குறியீடுகளிலேயே அழுகலோடு கூடியது என்ற தனிப் பிரிவு உண்டு. இரண்டாவது, நெக்ரோடைசிங் என்டெரோகொலைட்டிஸ் (குடல் திசு இறந்துபோகும் அழற்சி) என்று மருத்துவர் எழுதியிருந்தால், பி77-இல் அடங்கும். நோயின் நிலை ஒன்றா, இரண்டா, மூன்றா என்பதையும் கோப்பில் தேடிப் பாருங்கள்.