எம்.எஸ். நோய்க்கு எதைச் சாப்பிடலாம், எதை நம்பலாம்? கேள்விகளும் பதில்களும்

மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் (எம்.எஸ்.) என்பது உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய். அது உள்ளவர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன். நான் மருந்தியல் கற்பித்தவள். எனக்கும் இதே நோய்தான். ஆனால் மருத்துவர் அல்ல. மருந்தைத் தொடங்குவது, நிறுத்துவது எல்லாம் உங்கள் நரம்பியல் மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டியவை.

கேள்வி (திருச்சி): அக்கா, எனக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கி, ஸ்டீராய்டு ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்ததும் பாலையும் கோதுமையையும் அடியோடு விட்டேன். இரண்டு மாதத்தில் பார்வை திரும்பிவிட்டது. மருத்துவர் தொடர்ந்து போடச் சொன்ன ஊசி இனி எதற்கு?

பதில்: பார்வை திரும்பியதில் எனக்கும் மகிழ்ச்சி, தம்பி. ஆனால் அந்தப் பெயரைக் கோதுமைக்குக் கொடுத்துவிடாதீர்கள். பெரும்பாலோருக்கு எம்.எஸ். வந்து வந்து அடங்கும் நோயாகத்தான் தொடங்குகிறது. ஒரு தாக்குதல் வந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ பெருமளவு தானாகவே தணியும். கண் நரம்பு அழற்சிக்கு ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 1992இல் வெளிவந்தது. மருந்து பெற்றவர்கள் சீக்கிரம் தேறினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது பெறாதவர்களுக்கும் அவர்களுக்கும் பார்வையில் பெரிய வேறுபாடு இல்லை. ஸ்டீராய்டுக்கே அந்த நிலை. நோய் தணிகிற வாரத்தில் வாயில் என்ன போகிறதோ, அது கஷாயமோ கம்பங்கூழோ, பெயர் வாங்கிக்கொள்ளும். அதனால் எந்த வைத்தியத்தைப் பற்றிச் சொன்னாலும், 'எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார்களா?' என்பதுதான் என் முதல் கேள்வி.

ஊசி, வந்த தாக்குதலுக்கு அல்ல. இனி வரப்போவதைத் தடுப்பதற்கு. உடம்பில் ஒன்றும் தெரியாத காலத்திலும் மூளையில் புதிய தழும்புகள் விழலாம், அது எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். சீலியாக் நோய் (கோதுமைப் புரதத்தால் குடல் கெடும் நோய்) இருந்தாலொழிய கோதுமையை விட வேண்டியதில்லை. பாலைப் பற்றியும் உறுதியான சான்று இல்லை. பிடிக்காவிட்டால் விடுங்கள். ஆனால் ஸ்டீராய்டு எலும்பைத் தேய்க்கும். பாலுக்குப் பதில் கேழ்வரகு, எள், முள்ளோடு நெத்திலி என்று ஏதாவது தட்டில் இருக்க வேண்டும்.

கேள்வி (டொராண்டோ): ஸ்வாங்க் உணவுமுறை, வால்ஸ் உணவுமுறை என்று இரண்டு சொல்கிறார்கள். எது சிறந்தது அக்கா?

பதில்: இரண்டுக்கும் பின்னால் உண்மையான மனிதர்கள் இருக்கிறார்கள், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ராய் ஸ்வாங்க் நரம்பியல் மருத்துவர். நார்வேயில் மாடு வளர்த்துப் பாலும் வெண்ணெயும் தின்ற உள்நாட்டுக்காரர்களுக்கு எம்.எஸ். அதிகமாகவும், கடலோரத்து மீனவர்களுக்குக் குறைவாகவும் இருப்பதைக் கவனித்தார். 1940களின் இறுதியில் மாண்ட்ரியலில் தொடங்கி, 144 பேரைக் குறைந்த கொழுப்பு உணவில் வைத்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தார். நிறைவுற்ற கொழுப்பை (வெண்ணெய், நெய்யில் இருக்கும் வகை) நாளுக்கு 20 கிராமுக்குள் வைத்தவர்கள் நன்றாக இருந்தார்கள் என்று 1990இல் லான்செட் இதழில் எழுதினார். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழு இல்லை. நன்றாக இருந்தவர்கள் பத்தியத்தைக் காத்தார்களா, பத்தியம் காத்ததால் நன்றாக இருந்தார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

டெர்ரி வால்ஸ் அமெரிக்காவின் அயோவாவில் மருத்துவர், அவருக்கே எம்.எஸ். சாய்வு சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து மிதிவண்டி ஓட்டினார். அதே காலத்தில் அவர் உடற்பயிற்சியும் தசைகளுக்கு மின்தூண்டலும் செய்துகொண்டார் என்பதைப் பரப்புகிறவர்கள் சொல்வதில்லை. அயோவாவில் இரண்டு முறைகளையும் மோதவிட்ட ஆய்வு 2021இல் வந்தது. இரு குழுவிலும் சோர்வு குறைந்தது. வழக்கமான சாப்பாட்டைத் தொடர்ந்த குழு அதிலும் இல்லை!

இரண்டிலும் பொதுவாக இருப்பது காய்கறி, கீரை அதிகம்; பேக்கரிப் பண்டமும் பொட்டலத் தீனியும் இல்லை. அதை எடுத்துக்கொள்ளுங்கள். வால்ஸ் முறையில் தானியம், பருப்பு இரண்டுக்கும் தடை. சைவச் சாப்பாட்டுக்காரர் அதைப் பின்பற்றினால் மெலிந்து, தசை வற்றிப் போவார். சோற்றைப் பாதியாக்கி, கூட்டும் பொரியலும் இரட்டிப்பாக்கி, சாம்பாரில் பருப்பைக் கூட்டினால் போதும். வீட்டில் யாராவது புகைபிடித்தால் உணவுமுறை விவாதத்தை நிறுத்திவிட்டு முதலில் அதை நிறுத்துங்கள். புகை எம்.எஸ்.ஸை விரைவாக முற்றவைக்கிறது என்பதற்கு மேலே சொன்ன எதையும்விட வலுவான சான்று இருக்கிறது.

கேள்வி (சென்னை): வைட்டமின் டி அளவு 11 என்று வந்தது. வாரம் ஒரு 60,000 யூனிட் மருத்துவர் எழுதினார். தினமும் ஒன்று எடுத்தால் நோயே போய்விடும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன்.

பதில்: வேண்டாம். பிரேசிலில் தொடங்கிய பேரளவு வைட்டமின் முறையைத்தான் பார்த்திருக்கிறீர்கள். டி குறைவாக உள்ளவர்களுக்கு எம்.எஸ். வரும் வாய்ப்பு கூடுதல் என்பது உண்மை. கொடுத்தால் நோய் குறையுமா என்பதில் முடிவுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. முதல் தாக்குதல் வந்தவர்களுக்கு வேறு மருந்தின்றி, இரு வாரத்துக்கு ஒரு முறை ஒரு லட்சம் யூனிட் கொடுத்த பிரெஞ்சு ஆய்வு 2025இல் வந்தது. இரண்டு ஆண்டுகளில் மீண்டும் நோய் தலைகாட்டியது டி பெற்றவர்களில் 60 சதவீதம், பெறாதவர்களில் 74 சதவீதம். ஆனால் ஏற்கெனவே கிளாட்டிராமர் என்ற எம்.எஸ். ஊசி போடுகிறவர்களுக்குத் தினம் 5,000 யூனிட்டும் 600 யூனிட்டும் கொடுத்து ஒப்பிட்ட 2023 ஆய்வில் வித்தியாசமே இல்லை. குறையிருந்தால் நிரப்புங்கள், அதற்கு மேல் ஊற்றினால் கூடுதல் பலன் என்று யாரும் காட்டவில்லை. அந்தப் பிரெஞ்சு ஆய்வின் அளவே நாளுக்குச் சுமார் 7,000 யூனிட்தான். நீங்கள் கேட்பது அதைப்போல் எட்டு மடங்குக்கும் மேல். இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, தாகம், மலச்சிக்கல், குழப்பம் என்று தொடங்கிச் சிறுநீரகத்தில் போய் முடியும். 'வாரம் ஒன்று' என்ற சீட்டைத் 'தினம் ஒன்று' என்று படித்துவிடுகிறவர்களும் உண்டு. டப்பாவின் மேல் கிழமையை எழுதி வையுங்கள்.

கேள்வி (ஈரோடு): அம்மா, என் மகளுக்கு எதிர்ப்புச் சக்தி கூட அமுக்கராச் சூரணமும் சீந்தில் பொடியும் கொடுக்கிறேன். இயற்கைதானே?

பதில்: உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் உங்கள் மகளுக்கு எதிர்ப்புச் சக்தி குறையவில்லை. அது திசைமாறித் தன் நரம்பின் மயலின் உறையையே தாக்குகிறது. அதை மேலும் கிளறிவிடக்கூடும் என்று கருதப்படும் எதையும் நான் கொடுக்கமாட்டேன். கொரோனா காலத்தில் சீந்தில் குடித்தவர்களுக்கு மஞ்சள் காமாலையும் கல்லீரல் அழற்சியும் வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமுக்கராவால் கல்லீரல் பாதிப்பும் தைராய்டு மாற்றமும் வந்த பதிவுகள் உண்டு. இன்டர்ஃபெரான், டெரிஃப்ளூனமைடு போன்ற எம்.எஸ். மருந்துகளுக்கே கல்லீரல் பரிசோதனை அவ்வப்போது தேவை. கல்லீரல் நொதி ஏறினால் குற்றவாளி எது என்று மருத்துவருக்குத் தெரியாது. நல்ல மருந்தை நிறுத்திவிடுவார், சூரணம் தப்பித்துக்கொள்ளும்.

பஸ்பம், செந்தூரம் வகைகளை உலோகப் பரிசோதனைச் சான்று இல்லாமல் தொட வேண்டாம். இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்த 2008ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில் ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம் அல்லது ஆர்செனிக் இருந்தது. ஈயமே நரம்பைக் கெடுக்கும். குழம்பில் போடும் மஞ்சளுக்குத் தடையில்லை. மிளகுச் சத்து கலந்த மஞ்சள் மாத்திரை வேறு சங்கதி. அதிலும் கல்லீரல் பாதிப்புகள் பதிவாகியிருக்கின்றன.

கேள்வி (திருநெல்வேலி): மகனை எண்ணெய்த் தேய்ப்புக்கும் நீராவிக் குளியலுக்கும் அழைத்துப் போனோம். வெளியே வந்ததும் கால் வலுவிழந்து உட்கார்ந்துவிட்டான். நோய் முற்றிவிட்டதா?

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. உறை தேய்ந்த நரம்பில் உடல் சூடு சற்று ஏறினாலே செய்தி தடைபடும். 1890இல் உட்ஹாஃப் என்ற ஜெர்மன் மருத்துவர் எழுதி வைத்தது இது. எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து எம்.எஸ்.ஸா என்று பார்த்த காலமும் உண்டு. உடல் குளிர்ந்ததும் பழைய நிலைக்கு வந்துவிடும்; புதிய பாதிப்பு இல்லை. ஒரு நாளைக்கு மேல் நீடித்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எண்ணெய் தேய்க்கலாம், நீராவி, வேது, அனலில் யோகா எதுவும் வேண்டாம். கத்திரி வெயிலில் வெளியே போகுமுன் குளிர்ந்த நீரில் குளித்துவிட்டுப் போகட்டும். எண்ணெய்க் காலோடு குளியலறைக்கு மட்டும் தனியாக அனுப்பாதீர்கள். சாதாரண யோகா நல்லது. அமெரிக்காவின் ஓரிகனில் ஆறு மாதம் நடத்திய 2004 ஆய்வில் அது சோர்வைக் குறைத்தது. மிதிவண்டிப் பயிற்சியும் அதே அளவு குறைத்தது.

கேள்வி (சிங்கப்பூர்): பயோட்டின் என்ற பி வைட்டமினை எம்.எஸ்.ஸுக்குப் பேரளவில் எடுக்கலாமா?

பதில்: 2016இல் ஓர் ஆய்வு நம்பிக்கை தந்தது; பெரிய ஆய்வு 2020இல் அதைக் கைவிடவைத்தது. போதாததற்கு தைராய்டு, மாரடைப்பு இரத்தப் பரிசோதனைகளின் முடிவையும் அது பொய்யாக்கும். முடிக்காக எடுக்கிறீர்கள் என்றாலும் இரத்தம் கொடுக்குமுன் ஆய்வகத்தில் சொல்லுங்கள்.

கேள்வி (கோவை): பி காம்ப்ளக்ஸ் மாத்திரை நரம்புக்குத்தானே? தினமும் போடுகிறேன்.

பதில்: பி12 குறைந்தால் எம்.எஸ். போலவே மரத்துப்போதலும் தள்ளாட்டமும் வரும். சைவ உணவுக்காரர்களும் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களும் அளவு பார்த்தே ஆக வேண்டும். குறைவென்றால் பி12 எடுங்கள். கலவை மாத்திரையில் உள்ள பி6 வேறு: பெரிய அளவில் நீண்ட நாள் எடுத்தால் அதுவே பாதத்தை மரக்கச்செய்யும், நீங்கள் நோய் கூடிவிட்டது என்று அழுவீர்கள். துத்தநாக மாத்திரையும் அளவு மீறினால் தாமிரத்தைக் குறைத்துத் தண்டுவடத்தைப் பாதிக்கும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): மீன் எண்ணெய், தேனீக் கொட்டு, அழுத்த அறையில் ஆக்சிஜன், கழுத்து இரத்தக் குழாயில் பலூன், இவற்றில் எது பலன் தரும் அக்கா?

பதில்: மீன் எண்ணெயை 2012இல் நார்வேயிலும் தேனீக் கொட்டை 2005இல் நெதர்லாந்திலும் முறையாகச் சோதித்தார்கள், பலன் இல்லை. ஆக்சிஜனும் அப்படியே. கழுத்துச் சிரையில் பலூன் வைக்கும் முறையை 2009இல் இத்தாலியில் சம்போனி முன்வைத்தபோது உலகமெங்கும் கடன் வாங்கிச் செய்துகொண்டார்கள். பிறகு அவரே நடத்திய ஒப்பீட்டு ஆய்வில் பலன் இல்லை என்று தெரிந்தது. தன் கருத்தைத் தானே சோதித்து முடிவை வெளியிட்டாரே, அதற்காக அவரைப் பாராட்டலாம். மீனைக் குழம்பாகச் சாப்பிடுங்கள்.

கேள்வி (சேலம்): அடிக்கடி சிறுநீர் முட்டுகிறது. பஸ் பயணத்துக்குப் பயந்து தண்ணீரே குடிப்பதில்லை.

பதில்: அப்படிச் செய்தால் சிறுநீர் கெட்டியாகிப் பையை இன்னும் எரிச்சலூட்டும், தொற்றும் மலச்சிக்கலும் சேர்ந்து வரும். பகலில் பரவலாகக் குடித்து, படுக்கப் போவதற்கு இரண்டு மணி நேரம் முன் நிறுத்துங்கள். காப்பியைக் குறையுங்கள். இதற்குத் தனியே மருந்து இருக்கிறது, கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேள்வி (கீழக்கரை): எம்.எஸ்.ஸுக்கு டைமெத்தில் ஃபூமரேட் மாத்திரை காலை, இரவு எடுக்கிறேன். முகம் சிவந்து எரிகிறது. ரமலான் நோன்பு வேறு வருகிறது, என்ன செய்ய?

பதில்: வெறும் வயிற்றில் எடுத்தால் அந்த எரிச்சலும் வயிற்று வலியும் அதிகம். முட்டை, வேர்க்கடலை, தயிர் என்று கொழுப்பும் புரதமும் உள்ள எதையாவது சாப்பிட்டுக்கொண்டே விழுங்குங்கள். நோன்பு நாளில் ஒன்றை ஸஹரிலும் ஒன்றை இஃப்தாரிலும், நோன்புக் கஞ்சியோடு மட்டும் நிற்காமல் சாப்பாடு முடிந்த பிறகு, எடுக்கலாம். நடை தள்ளாடுகிறது, சமீபத்தில் தாக்குதல் வந்தது என்றால் நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. அதை உங்கள் மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டுப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.